எண்ணெய் குடிக்காத படகு

1. பெட்டியில் வந்த படகு

வேலையில் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு படகுக்குக் காற்றடிப்பது. சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறேன். பந்துக்கு அடித்திருக்கிறேன். படகுக்குக் காற்றடிப்பார்கள் என்று எவனாவது முந்தின நாள் சொல்லியிருந்தால், “இவனை ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடுங்கப்பா” என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். மிளகாய் வற்றலும் ஆட்டுக் கிடையும் தெரியும். கடலைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. நீச்சல் அறவே தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே அந்த வருஷம் நல்ல வருஷம். அப்படிப்பட்டவனுக்கு மண்டபத்துக் கரையில், கடல் உயிர்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் பின்பகுதி அது. ஸ்டோர் என்றால் அலமாரியும் பூட்டும் சாவியும் என்று நினைத்துப் போனேன். போன இடத்தில் ஒரு மரப்பெட்டியைக் காட்டி, “இதைப் பிரிங்க” என்றார் எங்கள் ஆபீசரம்மா.

ஆபீசரம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதராஸில் படித்தவர். கடல் உயிர்களில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் பனையோலைத் தொப்பியோடு சேற்றில் இறங்குவார். “ஏன்?” என்ற கேள்வியை அவர் அளவுக்குக் கேட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்று என்னிடமே கேட்டிருக்கிறார். எனக்கென்ன தெரியும்?

பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் மடித்து வைத்த ரப்பர் துணி இருந்தது. யுத்த காலத்தில் விமானம் கடலில் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் ஏறிக்கொள்வதற்காகச் செய்த படகாம். ஏலத்தில் வாங்கி எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே காலால் மிதிக்கும் ஒரு துருத்தி. மிதித்தேன். மிதித்தேன். கணுக்கால் கழன்றுவிடும்போல இருந்தது. கடைசியில் மஞ்சள் துணி மெல்ல எழுந்து, ஓரமெல்லாம் தலையணை வைத்த கட்டில் மாதிரி உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் கூட்டத்தில் இருந்து ஒருவர் குனிந்து, அதை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இதுக்கு எலும்பே இல்லையேம்மா” என்றார்.

அவர்தான் சவரிமுத்து. தங்கச்சிமடத்துக்காரர். சொந்தமாக ஒரு வத்தை வைத்திருந்தார். வத்தை என்பது எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பாய் கட்டி ஓட்டும் சின்ன மரப்படகு. ஆபீசின் மோட்டார் லாஞ்ச் பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும் என்பதால், தீவுகளுக்குப் போக அவருடைய வத்தையைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தோம். தீவைச் சுற்றிப் பவளப் பாறை. வத்தையின் அடி தட்டும். ஆகவே வத்தையின் பின்னால் ரப்பர் போட்டை இழுத்துக்கொண்டு போய், பாறைக்கு வெளியே வத்தையை நிறுத்திவிட்டு, ஆழம் குறைந்த இடத்துக்கு ரப்பர் போட்டில் போவது என்று திட்டம்.

“இழுக்குறது என்ன பெரிய காரியமா? பனந்தடி இழுக்காத வத்தையா?” என்றார் சவரிமுத்து.

2. பனந்தடியும் பட்டமும்

அந்தக் காலத்தில் பனந்தடிகளைக் கயிற்றில் கட்டி வத்தைக்குப் பின்னால் மிதக்கவிட்டு இழுத்துவருவார்கள். நீளக் கயிறு விட்டால் போதும், தடி பாட்டுக்குப் பின்னால் வரும். சவரிமுத்து அதே மாதிரி நீளமாகக் கயிறு விட்டார். கரையைத் தாண்டும் வரை எல்லாம் சரி. மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று ஒரு மூச்சு பலமாக அடித்ததும் ரப்பர் போட்டு தண்ணீரை விட்டு எழும்பிவிட்டது. பட்டம் மாதிரி ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகுப்புற விழுந்தது.

“ஏலே, பறக்குதுலே!” என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சவரிமுத்துவுக்குப் ‘பட்டம் விடுறவரு’ என்று பேர் விழுந்துவிட்டது.

அவருக்குக் கோபமான கோபம். மறுநாள் கயிற்றைச் சுருக்கி, ரப்பர் போட்டின் மூக்கை வத்தையின் பின்பக்கத்தோடு ஒட்டினாற்போலக் கட்டினார். இப்போது பறக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, பின்னால் இருந்து அலை தள்ளத் தள்ள, அது கிடாய் மாதிரி வத்தையை முட்டிக்கொண்டே வந்தது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சவரிமுத்துவின் முதுகில் ஒவ்வொரு முட்டுக்கும் ஒரு வாளித் தண்ணீர்.

“கட்டுன பொண்டாட்டி கூட என்னய இப்படி இடிச்சதில்லம்மா” என்றார்.

ஆபீசரம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரித்து முடித்ததும் வழக்கம்போல “ஏன்?” என்று ஆரம்பித்துவிட்டார். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று என் ஸ்டோரில் இருந்தது. அதைக் கயிற்றின் நடுவில் கட்டச் சொன்னார். கயிற்றைக் கொஞ்சம் விடுவது, தராசு முள்ளைப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் விடுவது, பார்ப்பது. வத்தை ஓடும்போது அதன் பின்னால் வரிசையாக அலை எழும்பும் அல்லவா? ரப்பர் போட்டு அந்த அலையின் முன்சரிவில் உட்காரும்படி கயிறு விட்டால் முள் இறங்கியது. அலையின் முதுகுப்பக்கம் ஏறவேண்டி வந்தால் முள் ஏறியது. சவரிமுத்து சுக்கானை மறந்து தராசையே பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு தடவை மணல் திட்டில் ஏறி நின்றோம்.

பிறகு மற்ற வித்தைகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. ஒற்றைக் கயிற்றுக்குப் பதில், ரப்பர் போட்டின் மூக்கில் இரண்டு பக்கமும் கட்டிக் கவையாக இழுத்தால் அது தலையை ஆட்டாது. பெட்டியோடு வந்த பருத்திக் கயிறு தண்ணீரில் அமிழ்ந்து சுக்கானில் சுற்றிக்கொள்ளும். நம் தேங்காய்நார்க் கயிறு மிதக்கும். காற்று பலமாக இருந்தால் ரப்பர் போட்டுக்குள் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றி வை, கனத்தில் பறக்காது. வெயிலில் காற்று விரிந்து விறைப்பாக இருக்கும் போட்டு, தண்ணீரில் இறக்கியதும் தொய்யும். இறக்கிய பிறகு இன்னொரு தரம் மிதி. இழுத்துப் போகும் போட்டில் ஆளை ஏற்றாதே. இந்தக் கடைசி விதியைச் சொன்னவர் சவரிமுத்து. அதை யார் மீறினார் என்பது பின்னால் வரும்.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு சவரிமுத்துவுக்கு அந்த மஞ்சள் போட்டின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. முதலில் ‘சனியன்’ என்றவர், பிறகு ‘சின்னவள்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆபீஸ் ஷெட்டில் எலி கடிக்கிறது என்று சொல்லித் தன் குடிசைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

3. விரல் சப்பிய குட்டி

ஒருநாள் காலையில் சேதி வந்தது. மனோலித் தீவுப் பக்கம் வலையில் ஓர் ஆவுளியாவும் குட்டியும் மாட்டியிருக்கின்றன, தாய் செத்துவிட்டது, குட்டிக்கு உயிர் இருக்கிறது என்று. ஆவுளியா என்றால் கடல் பசு. மீன் இல்லை. மூச்சு விடத் தண்ணீருக்கு மேலே வரவேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அந்தக் காலத்தில் கிடைத்தால் கறிக்குத்தான் அறுப்பார்கள்.

ஆபீசரம்மா எழுந்தே விட்டார். எங்கள் ஆபீஸ் வளாகத்தில் கடல் தண்ணீர் வந்து போகும் குளம் ஒன்று உண்டு. “உயிரோட கொண்டுவந்துட்டா, இது என்ன சாப்பிடுது, எப்படி வளருதுன்னு எல்லாம் பார்க்கலாம். இல்லைன்னா சாயங்காலத்துக்குள்ள அறுத்துடுவாங்க” என்றார். லாஞ்ச் வழக்கம்போல ரிப்பேர். சவரிமுத்து வத்தையைத் தள்ளினார், சின்னவளைக் கொண்டுவந்து பின்னால் கட்டினார்.

அன்றைக்குச் சின்னவள் பளபளவென்று இருந்தாள். “என்ன அண்ணே, புதுப்பொண்ணு மாதிரி மின்னுது?” என்றேன்.

“குளிப்பாட்டி வச்சிருக்கேன் தம்பி” என்று பெருமையாகச் சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். கரையில் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்பினாலும் ஒரே வாடைதான்; அதில் புதிதாக ஒன்று கலந்திருக்கிறது என்று எந்த மூக்குக்குத் தெரியும்?

தீவுக்கரையில் குட்டியை இடுப்பளவுத் தண்ணீரில் குச்சி நட்டுக் கட்டியிருந்தார்கள். பெரிய தலையணை அளவு தடிமன், ஓர் ஆள் நீளம் இருக்காது. சாம்பல் நிறம். மேலே வந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு முழுகும். பக்கத்தில் தாயை ஏற்கெனவே கூறு போட்டிருந்தார்கள். ஆபீசரம்மா கேட்டதும் வலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தாயில்லாப் புள்ளைய வச்சு என்ன செய்யப் போறீங்க தாயி?” என்றார் அவர்களில் மூத்தவர்.

“வளர்க்கப் போறேன்.”

அவர் குனிந்து குட்டியைப் பார்த்தார். “ஏலே, அவுத்து விடுங்கடா” என்றார். அவ்வளவுதான் பேரம்.

குட்டியை வத்தையிலேயே ஏற்றலாமே என்றேன் நான். சவரிமுத்துவின் முகம் மாறிவிட்டது.

“ஏத்தக்கூடாது தம்பி. எங்க வீட்டுல எங்க அய்யா காலத்துல இருந்து அது கெடயாது. கரைக்கு வந்தா ஆவுளியா அழுவும். கண்ணுல தண்ணி ஊத்தும். உசுரோட அழுவுறத ஏத்துன வத்தை பொழைக்காது. வேற எது வேணாலும் கேளுங்க, செய்யிறேன்.”

ஆபீசரம்மா வற்புறுத்தவில்லை. வத்தையின் உள்பக்கம் வேறு முழுக்க மரச்சட்டம், வயிறு நசுங்கிவிடும் என்று அவரே சொன்னார். ரப்பர் போட்டில் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஈரச் சாக்கில் சுற்றிய குட்டியை அதில் கிடத்துவது என்று முடிவாயிற்று. ஆனால் குட்டி திமிறியது. வாலால் ஓர் அடி. ஆபீசரம்மாவின் ஓலைத்தொப்பி கடலில் மிதந்தது. நான் என்ன நினைத்தேனோ, கையை நீட்டி அதன் தாடையைப் பிடித்து, இரண்டு விரலை வாயில் வைத்தேன். தாய் செத்த ஆட்டுக்குட்டியை எங்கள் ஊரில் அப்படித்தான் அடக்குவோம். மீசை முள் கையெல்லாம் குத்தியது. பிறகு ஒரு சப்பு. இன்னொரு சப்பு. குட்டி அப்படியே அடங்கிவிட்டது.

விரலை எடுத்தால் திமிறுகிறது. வைத்தால் சப்புகிறது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இழுத்துப் போகும் போட்டில் ஆளை ஏற்றக்கூடாது என்பது விதி. நீச்சல் தெரியாத ஆளை ஏற்றக்கூடாது என்பதற்கு விதியே வேண்டாம். இருந்தாலும் நான்தான் ஏறினேன். ஆபீசரம்மா ஒரு மிதவை வளையத்தை என் தலைவழியாக மாட்டிவிட்டார்.

“பயமா இருக்கா வேலுச்சாமி?”

“ஆமாம்மா” என்றேன். அதில் என்ன வெட்கம்?

4. அரைக் கடலில்

பாய் நிரம்பியது. கவைக்கயிறு விறைத்தது. நான் மஞ்சள் போட்டுக்குள் இடுப்புவரை நனைந்து, குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பயம்கூடக் குறைந்துவிட்டது. வத்தை எழுப்பிய அலையின் முன்சரிவில் நாங்கள் வழுக்கிக்கொண்டே போனோம். குட்டி அவ்வப்போது மூக்கைத் திறந்து புஸ்ஸென்று மூச்சு விடும், மூடும். அந்த மூக்குக்குக் கதவு மாதிரி ஒரு மூடி இருந்ததைப் பார்த்து அதிசயப்பட்டேன். ஆபீசரம்மா வத்தையில் இருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். “இப்ப மூச்சு விட்டுச்சா? எவ்வளவு நேரம் கழிச்சு? கண்ணை மூடுதா?”

தீவு சின்னதாகிவிட்டது, மண்டபத்துக் கரை இன்னும் பெரிதாகவில்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. குட்டி மூச்சு விடுகிறது என்று நினைத்தேன். அது மூச்சு விடவில்லை. சத்தம் என் வலது முட்டிக்குக் கீழே இருந்து வந்தது. கையை ஊன்றினேன், கை ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் மஞ்சளாக, அல்வா மாதிரி, படகு! தையல் போட்டு ஒட்டிய இடமெல்லாம் பிசுபிசுத்து, குமிழி குமிழியாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது.

“அண்ணே! போட்டு கரையுது!” என்று கத்தினேன்.

ஆபீசரம்மா கயிற்றைப் பிடித்து எங்களைக் கிட்டே இழுத்தார். ரப்பரைத் தொட்டார், விரலை முகர்ந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சவரிமுத்து, இதுல என்ன தடவினீங்க?”

“சுறா எண்ணெய்தாம்மா.” அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “வெயில்ல வெடிச்சிறக்கூடாதுன்னு தெனம் ரெண்டு கை தடவி ஊற வச்சேன். வத்தைக்கு உசுரே அதானம்மா? எண்ணெய் குடிக்காத வத்தை எத்தன நாளைக்கு நிக்கும்?”

“மரம் எண்ணெய் குடிக்கும். ரப்பரை எண்ணெய் குடிச்சிடும்!” என்று அலறினார் ஆபீசரம்மா. அந்த ஒரு தடவைதான் அவர் கத்தி நான் கேட்டேன்.

துருத்தியை மிதிக்கலாமா என்றால், மிதித்த காற்று கிழிசலை இன்னும் பெரிதாக்கியது. வலது பக்கத் தலையணை சப்பையாகிவிட்டது. போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குட்டியோ சாக்கில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. தண்ணீருக்குள் போனால் நீந்த முடியாது, மேலே வந்து மூச்செடுக்க முடியாது. கடலிலேயே பிறந்த உயிர் கடலில் முழுகிச் சாகப் போகிறது. அதோடு நானும்தான். ஆனால் அந்த நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், என் நினைப்பெல்லாம் அதன் மூக்கில்தான் இருந்தது. இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சவரிமுத்து சுக்கானை விட்டுவிட்டு எழுந்தார். பாயை இறக்கினார். வத்தை நின்று ஆடத் தொடங்கியது. இறக்கிய பாயின் ஒரு பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டார்.

“தம்பி, அதோட அடியில விட்டுத் தள்ளு” என்றார்.

என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. நம்ப முடியவில்லை. ஆபீசரம்மாவும் நம்பவில்லை. “சவரிமுத்து, உங்க வீட்டு வழக்கம்…” என்று இழுத்தார்.

“எண்ணெய் போட்டது என் கையி. ஏத்துறதும் என் கையாவே இருக்கட்டும்” என்றார். பிறகு சத்தமாக, “மாதாவே!” என்றார்.

பாயை நான் குட்டியின் வயிற்றுக்கு அடியில் திணித்தேன். அவர்கள் இரண்டு பேரும் மேலே இருந்து இழுத்தார்கள். வத்தையின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. ஒரு தம் கட்டி இழுத்ததில் குட்டி பாயோடு உருண்டு வத்தைக்குள் போய் விழுந்தது. அந்த உந்தலில் எனக்குக் கீழே இருந்த சின்னவள் ஒரேயடியாக மடங்கிவிட்டாள். நான் தண்ணீரில். வளையம் காதுவரை ஏறிவிட்டது. உப்புத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கவைக்கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறேன், மேலே சவரிமுத்து குட்டியின் மூக்கில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்! அதன் பிறகுதான் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அந்த வரிசை எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

பாய் குட்டிக்குப் படுக்கையாகிவிட்டது, இனி துடுப்புதான். நானும் சவரிமுத்துவும் துடுப்புப் போட்டோம். ஆபீசரம்மா தண்ணீர் மொண்டு மொண்டு குட்டியின் மேல் ஊற்றினார். கிழிந்த மஞ்சள் துணி பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. கரை நெருங்கும்போது சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்.

“அழுவுது பாருங்கம்மா.”

உண்மைதான். குட்டியின் கண்ணில் இருந்து கெட்டியாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“அழுகை இல்லை சவரிமுத்து. வெளியே வந்தா கண்ணு காஞ்சு போகும்ல? காயாம இருக்கத்தான் அந்தத் தண்ணி வருது.”

சவரிமுத்து துடுப்பை ஒரு வலி வலித்தார். “எங்களுக்கும் அதுக்குத்தாம்மா வருது” என்றார். அவர் கன்னமும் நனைந்திருந்தது. கடல் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

5. பிறகு நடந்தவை

குட்டி பிழைத்தது. முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. பசும்பால், கஞ்சித் தண்ணீர், என் விரல், எதற்கும் மசியவில்லை. ஆபீசரம்மா தூங்கவே இல்லை. பிறகு தாய் மேய்ந்திருக்கக்கூடிய இடங்களில் இருந்து கடல் புல்லைப் பிடுங்கிவந்து, ஒவ்வொரு வகையாகக் குளத்தில் நட்டு வைத்துப் பார்த்தோம். ஒருநாள் காலையில் மெல்லிய இலைப் புல் இருந்த இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. ஆபீசரம்மா குளத்தங்கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் அது நன்றாகவே வளர்ந்தது. சவரிமுத்துவின் வத்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தெரிந்து அது ரொம்ப வருஷம் ஓடியது, வருஷம் தவறாமல் எண்ணெய் குடித்துக்கொண்டு.

சின்னவளை ஒட்டுப்போட முடியவில்லை. அவளை ஸ்டோர் கணக்கில் இருந்து கழித்துக்கட்டிய அன்று சவரிமுத்து ஆபீஸ் பக்கமே வரவில்லை. “என் பாசமே அவளக் கொன்னுருச்சு தம்பி” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். உண்மையைத்தானே சொன்னார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். ஆபீசுக்கு எது புதிதாக வந்தாலும், தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான். நைலான் வலை வந்தபோது, “இது எண்ணெய் குடிக்குமாம்மா?” லாஞ்சுக்குப் புது இன்ஜின் வந்தபோது, “இது எந்த எண்ணெய் குடிக்கும்?” மதராஸில் இருந்து ஒரு புது ஆபீசர் வந்து இறங்கியபோதும் என் காதோரம் வந்து அதையே கேட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஸ்டோருக்குள் ஓட வேண்டியதாயிற்று.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். பொருளோ உயிரோ, கையில் வந்ததும் நமக்குத் தெரிந்த பாசத்தை அதன் மேல் ஊற்றிவிடாதீர்கள். அதற்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முதலில் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், சவரிமுத்து வெட்கப்படவில்லை.

எனக்கு முதல் பெண்பிள்ளை பிறந்தபோது ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அவர் பஸ் ஏறி வந்தார். வேட்டி மடிப்பில் இருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். பிள்ளையின் உடம்பு வலுக்கட்டும் என்று அவரே காய்ச்சி வடித்த சுறா எண்ணெய். என் மனைவியின் பக்கத்தில் கிடந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தார். தொடுவதற்குக் கையை நீட்டினார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நர்ஸிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“தாயி, இது எண்ணெய் குடிக்குமா?”